உப்புக்காற்றில் ஓடும் லொறிக்கு டூல்ஸ் பெட்டி: தெரிவு செய்வதிலிருந்து பூட்டுவது வரை

யாழ்ப்பாணத்தில் திறந்த லொறி வைத்திருப்பவர்கள் டூல்ஸ் பெட்டி பார்க்கப் போனால் முதலில் கேட்பது தகடு எத்தனை மில்லி என்பதைத்தான். தடிப்பு முக்கியம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பெட்டிகள் வீணாய்ப் போவதற்குத் தகடு மெல்லியதாக இருப்பது பெரும்பாலும் காரணம் அல்ல. பிணைச்சல் கறள் பிடித்து இறுகிவிடுகிறது. மூடி விளிம்பால் மழைத்தண்ணி இறங்குகிறது. அடி மூலையில் தேங்கிய உவர்த்தண்ணி, வெல்டிங் வைத்த இடத்தை உள்ளேயிருந்து அரிக்கிறது. பக்கத் தகடு நன்றாகவே இருக்க, பெட்டி பழைய இரும்புக்குப் போகிறது. ஆகவே காசை எல்லாம் தடிப்பில் கொட்டாமல், பெட்டி இருக்கும் இடத்திலும் மூடியிலும் பிணைச்சலிலும் கவனத்தை வையுங்கள்.

கீழே சொல்லும் ஒழுங்கிலேயே செய்து போவது நல்லது. பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து பிறகு இடம் தேடினால், கடைசியில் இடத்துக்காகப் பெட்டியை வெட்ட வேண்டிவரும்.

முதற்படி: சாமான்களை நிலத்தில் பரப்புங்கள்

சீற்றுக்குப் பின்னால், சாரதியின் காலடியில், தட்டின் மூலையில் என்று லொறியில் கிடக்கும் எல்லாவற்றையும் இறக்கி ஒரு படங்கில் பரப்பிப் பாருங்கள். ஜக், சில்லு கழற்றும் சாவி, அதற்குப் போடும் குழாய், ஸ்பனர் செற், கிறீஸ் கண், ஒயில் கான், சில்லுக்கு வைக்கும் கட்டைகள், எச்சரிக்கை முக்கோணம், கயிறு, பெல்ற், படங்கு. இவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். பாரமான இரும்புச் சாமான் ஒன்று. நனைந்து வரும் கயிறும் படங்கும் ஒன்று. ஒழுகக்கூடிய ஒயில், கிறீஸ் வகை ஒன்று.

இரண்டாவது குவியல் டூல்ஸ் பெட்டிக்குள் போகவே கூடாது. ஈரப் படங்கை ஸ்பனர்களோடு வைத்து மூடினால், வெளியே எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் உள்ளே கறள் வந்துவிடும். படங்குக்குத் தட்டின் முன்பக்கத்தில் வேறு இடம் பாருங்கள். அதைக் கழித்ததும் தேவையான பெட்டியின் அளவு பாதியாகக் குறைவதைக் காண்பீர்கள்.

தீயணைக்கும் கருவியைப் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைக்காதீர்கள். திறப்பைத் தேடும் நேரத்தில் தீ பரவிவிடும். அதன் இடம் சாரதியின் கைக்கெட்டும் தூரம். தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் மரக்கறி, வெங்காயம் ஏற்றிப் போகிற சிலர் வழியில் சமைக்கச் சின்ன காஸ் சிலிண்டரும் அடுப்பும் கொண்டுபோவார்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே கிளம்பிப் போகாமல் பெட்டியின் அடியிலேயே நிற்கும். இரும்போடு இரும்பு உரசும் ஒரு பொறி போதும். சிலிண்டருக்கும் பெற்றோல் கானுக்கும் மூடிய பெட்டியில் இடமில்லை என்று உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியவற்றில் மிக நீளமானது எது, மிக உயரமானது எது என்று அளந்து எழுதுங்கள். நீளத்தைப் பெரும்பாலும் சில்லுச் சாவிக்குப் போடும் குழாயும், உயரத்தை ஜக்கும் தீர்மானிக்கும்.

இரண்டாம்படி: இடம்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய முடிவு. அவசரப்படாதீர்கள்.

பட்டா எனும் சின்ன லொறி என்றால் தட்டு ஏறத்தாழ 7 அடிதான், ஏற்றக்கூடிய பாரம் முக்கால் தொன் அளவு. தட்டுக்குக் கீழே இடமும் குறைவு. பட்டாவுக்குக் கபினுக்குப் பின்னால், தட்டின் மேல் குறுக்காக வைக்கும் ஒடுக்கமான பெட்டியே சரிவரும். அதற்காக ஒரு அடிக்கு மேல் தட்டை இழக்காதீர்கள். அதைவிடச் சாமான் கூடினால், சாமானைக் குறைப்பதுதான் வழி.

பத்தரை அடி, பதினாலரை அடித் தட்டுள்ள கன்ரர், எல்ஃப் வகை லொறிகளில், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே தட்டின் கீழே நல்ல இடம் கிடைக்கும். ஒரு பாயைப் போட்டு லொறிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். டீசல் தாங்கி எந்தப் பக்கம்? பற்றரி எங்கே? சைலன்சர் எதால் போகிறது? பிரேக் குழாய்கள் எந்தச் சட்டத்தோடு ஒட்டிப் போகின்றன? ஸ்பெயார் சில்லை இறக்கும்போது எந்தப் பக்கம் சரிந்து வருகிறது? பெட்டி வந்த பிறகும் இவை ஒவ்வொன்றையும் கை விட்டுக் கழற்ற முடிய வேண்டும். சைலன்சரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். உள்ளே ஒயிலும் துணியும் இருக்கப் போகின்றன.

அப்புறம், இடதா வலதா? நாங்கள் வீதியின் இடப்பக்கத்தால் ஓடுகிறவர்கள். லொறியை ஓரங்கட்டினால் இடப்பக்கம் புல்லுக்கரை, வலப்பக்கம் வீதி. இரவில் ஏ9 வீதியில் மாங்குளத்துக்கு அங்கால் ரயர் வெடித்து நிற்கும்போது, வலப்பக்கப் பெட்டியைத் திறக்கக் குனிகிறவரின் முதுகுக்குப் பின்னால் கொழும்பு பஸ்கள் பறக்கும். ஆகவே ஜக்கும் சில்லுச் சாவியும் முக்கோணமும் இடப்பக்கப் பெட்டியில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. டீசல் தாங்கி இடப்பக்கமாக இருந்து இடம் போதாவிட்டால், அவசரச் சாமானுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டியை இடப்பக்கமும், மற்றவைக்கு இன்னொன்றை வலப்பக்கமும் வையுங்கள். தாங்கி வலப்பக்கமாக இருந்தால் உங்களுக்கு நல்லதே. 100 லீற்றர் டீசல் கிட்டத்தட்ட 84 கிலோ. இடப்பக்கப் பெட்டி அந்தப் பாரத்தைச் சமப்படுத்தும்.

பலர் பூட்டி முடித்த பிறகே காண்கிற விஷயம் ஒன்று உண்டு. திறந்த லொறியின் பக்கக் கதவுகளைக் கீழே விழுத்தினால் அவை தட்டின் விளிம்பிலிருந்து ஒரு அடிக்கு மேல் தொங்கும். அதற்குப் பின்னால்தான் உங்கள் பெட்டி. கதவு விழும் ஒவ்வொரு தடவையும் பெட்டியின் கைபிடியில் அடித்தால், பூட்டு சில மாதங்களில் வளைந்துவிடும். பக்கக் கதவை விழுத்திவிட்டு, அது தொங்கும் தளத்திலிருந்து குறைந்தது 2 அங்குலமாவது உள்ளே பெட்டியின் முகம் வரும்படி வையுங்கள். கதவு தொங்கும்போது பெட்டியைத் திறக்க முடியாதுதான். சீமெந்தோ கல்லோ இறக்கும் நேரத்தில் தேவைப்படும் சாமானை முன்னதாகவே எடுத்து வைக்கப் பழகுங்கள், அல்லது பக்கக் கதவுகள் இரண்டாகப் பிரிந்த லொறியில், அடிக்கடி விழுத்தாத கதவுக்குக் கீழே பெட்டியை வையுங்கள்.

பின் சில்லுக்குப் பின்னால் பெட்டி வைப்பதை இந்தப் பக்கத்தில் நான் விரும்புவதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணை வீதியாலும் காரைநகர் தாம்போதியாலும் போய்ப் பாருங்கள். கடல் தண்ணி காற்றோடு வீதியில் வந்து விழும். அதைச் சில்லு வாரி எறிவது பின்னால்தான். சில்லுகளுக்கு இடையில் இருக்கும் பெட்டிக்கும் முன் சில்லிலிருந்து தண்ணி அடிக்கும். அதற்கு மட்கார்ட்டும் தொங்கும் றப்பரும் ஒழுங்காக இருந்தால் போதும்.

உயரத்தைப் பாரம் ஏற்றிய பிறகே அளவெடுங்கள். வெறும் லொறியில் தாராளமாகத் தெரியும் இடைவெளி, மணல் ஏற்றினதும் சுருங்கிவிடும். வலிகாமத்துத் தோட்ட ஒழுங்கைகளில் சுண்ணாம்புக் கல் மண்ணுக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் தொங்குவதால், மேடு ஏறி இறங்கும்போது முதலில் தட்டுப்படுவது இந்தப் பெட்டிதான். பின் அச்சின் நடு உருண்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைவிட ஒரு கையளவு மேலேயே பெட்டியின் அடி முடியட்டும். பெட்டியின் எந்தப் பாகமும் லொறியின் பக்க விளிம்பைத் தாண்டவோ, விளக்கையும் இலக்கத் தகட்டையும் மறைக்கவோ கூடாது.

மூன்றாம்படி: காட்போட் பெட்டி

அளவு முடிவானதும் பழைய காட்போட்டில் அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்து, கம்பியால் அந்த இடத்தில் கட்டுங்கள். ஜக்கை அதற்குள் வைத்து எடுத்துப் பாருங்கள். ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டி, முன் சில்லு முட்டுகிறதா என்று பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

நான்காம்படி: எந்த உலோகம்

கணக்கு விளங்குவதற்காக 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள பெட்டியை எடுப்போம். அதன் மொத்தத் தகடு ஏறத்தாழ 2.1 சதுர மீற்றர். 2 மில்லிமீற்றர் இரும்பில் அது 33 கிலோ. 1.5 மில்லிமீற்றரில் 25 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 3 மில்லிமீற்றர் அலுமினியத்தில் 17 கிலோதான். சட்டம், பிணைச்சல், பூட்டு எல்லாம் இதற்கு மேல். பட்டாவில் அந்த வித்தியாசம் பொருட்டு. பதினாலரை அடி லொறியில் அதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை.

சாதாரண இரும்புத் தகடு மலிவு, எந்த வெல்டிங் கடையிலும் வேலை செய்வார்கள், அடி வாங்கினால் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் அது பெயின்றின் தயவில்தான் நிற்கிறது. ஒரு கல் பட்டுக் கீறினால் அங்கேயே கறள் தொடங்கும்.

நாகம் (சிங்க்) பூசிய தகட்டில் கீறல் விழுந்தாலும், பக்கத்தில் உள்ள நாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். இதை வெல்ட் பண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாகம் ஏறத்தாழ 907 பாகை செல்சியஸில் ஆவியாகிவிடும். இரும்பு உருகுவது 1,500 பாகைக்குக் கிட்ட. ஆகவே வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி நாகம் எரிந்து போய்விடும், பெட்டி முதலில் அரிபடுவதும் அங்கேதான். தேய்த்துச் சுத்தமாக்கி, நாகத்தூள் கலந்த பெயின்றை இரண்டு தடவை பூசும்படி கேளுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வேலை செய்கிறவர் வெளியில், காற்றோட்டமான இடத்தில் நின்று செய்யட்டும். இயலுமானால் மூலைகளை வெட்டி ஒட்டாமல், தகட்டை மடித்துச் செய்யும் இடத்தில் கொடுங்கள். வெல்டிங் குறையக் குறையப் பெட்டியின் ஆயுள் கூடும்.

அலுமினியம் கறள் பிடிக்காது என்பது சரிதான். ஆனால் உப்புத்தண்ணி நனைக்கும் இடத்தில் அது இரும்போடு நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிபட்டுப் போகும். ஸ்ரெயின்லஸ் போல்ட் போட்டாலும் அதே கதைதான். பெட்டிக்கும் சட்டத்துக்கும் இடையில் பழைய ரியூப் றப்பரை வெட்டிப் போட்டு, போல்ட்டுக்கு நைலோன் வாசர் போட்டால் இது நிற்கும்.

ஸ்ரெயின்லஸ் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. 304 வகை கடற்கரையில் பழுப்புப் புள்ளி போடும். 316 வகையில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும், விலையும் கூட. காந்தத்தை வைத்துப் பார்த்து இது நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலிவான 200 வகையிலும் காந்தம் ஒட்டாது. வகையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிளாஸ்ரிக் பெட்டிக்கு உப்பு ஒன்றும் செய்யாது. வெயில்தான் அதற்கு எதிரி. களவுக்கும் அது நிற்காது. கயிறு, கையுறை போன்றவைக்குப் பரவாயில்லை, ஜக்குக்கு வேண்டாம்.

என் முடிவைக் கேட்டால், சுன்னாகம், சாவகச்சேரி, ஏ9 என்று ஓடுகிற லொறிக்கு 2 மில்லிமீற்றர் நாகம் பூசிய தகடு போதும். குருநகரிலோ மயிலிட்டியிலோ மீன் ஏற்றுகிற லொறிக்கு, அல்லது நாளாந்தம் குறிகட்டுவான் வரை போய் வருகிற லொறிக்கு அலுமினியம் போடுங்கள். மீன் பெட்டியின் ஐஸ் உருகி வடியும் தண்ணி, தட்டுப் பலகை நீக்கலுக்குள்ளால் நேராக டூல்ஸ் பெட்டியின் தலையில்தான் விழுகிறது. ஆனையிறவில் உப்பு ஏற்றுகிறவர்களுக்கும், பசளை மூடை ஏற்றுகிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். பொட்டாஷ் பசளையில் இருப்பதும் குளோரைட்டுதான். ஈரம் பட்டால் இரும்பைத் தின்னும்.

ஐந்தாம்படி: மூடி, பிணைச்சல், பூட்டு

கடையில் நிற்கும்போது அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

தட்டுக்குக் கீழே வைக்கும் பெட்டிக்கு முகத்தில் கதவு, கீழ்ப்பக்கம் பிணைச்சல், கதவு விழுந்தால் தாங்குவதற்கு இரண்டு சங்கிலி. இதுதான் வசதி. விழுந்த கதவு சாமான் வைக்கும் தட்டாகவும் உதவும். கபினுக்குப் பின்னால் வைப்பதென்றால் மேல்மூடி. அதற்குச் சற்றுச் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் மாரி முழுக்கத் தண்ணி மேலே நிற்கும்.

மூடியைத் திறந்து வாயின் விளிம்பைப் பாருங்கள். தகடு வெட்டின மாதிரியே நின்றால் விட்டுவிட்டு வாருங்கள். விளிம்பு மடிக்கப்பட்டு உதடு மாதிரி எழும்பி நிற்க வேண்டும், மூடி அதை வெளியால் மூடிக்கொண்டு ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும். றப்பர் அந்த உதட்டில் அமர வேண்டும். உள்ளே குழாய்போல வெறுமையான றப்பர்தான் நல்லது. ஒட்டும் ஸ்பொஞ்சுப் பட்டி தண்ணியைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

றப்பர் சரியாக அமர்கிறதா என்று பார்க்க, உதடு முழுக்கச் சோக்கால் தேய்த்து மூடியைப் பூட்டித் திறவுங்கள். றப்பரில் வெள்ளைக் கோடு அறாமல் சுற்றிவர விழுந்திருக்க வேண்டும். அறுந்திருக்கும் இடம்தான் தண்ணி போகும் இடம். மூலைகளைத் திரும்பவும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் குறை.

முழு நீளத்துக்கும் ஓடுகிற ஒற்றைப் பிணைச்சல் பார்க்க அழகு. ஆனால் செம்மண் தூசும் உப்பும் அதன் கண்களுக்குள் புகுந்தால் எடுக்க முடியாது. ஒருநாள் மூடி அசையாது. தனித்தனியாக மூன்று தடித்த பிணைச்சல், ஸ்ரெயின்லஸ் ஆணியோடு, கிறீஸ் அடிக்க நிப்பிள் இருந்தால் இன்னும் திறம். பெட்டி 3 அடிக்கு மேல் நீளம் என்றால் பூட்டும் பிடி இரண்டு வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் மூடியின் இரு நுனிகளும் மெல்ல எழும்பி, றப்பர் அங்கே அமராது.

பூட்டு வெளியே தொங்குவதானால் அதைச் சுற்றித் தகட்டுக் கூடு இருக்கட்டும். கட்டர் நுழைய இடம் கொடுக்காதீர்கள். திறப்புத் துவாரத்துக்கு ஒயில் விடாதீர்கள். செம்மண் தூசு ஒயிலோடு சேர்ந்து களியாகி இறுகும். காரீயத்தூள், அதாவது பென்சில் ஊசியை அரைத்த தூள் போதும்.

அடித்தகட்டில், லொறியின் பின்பக்கம் பார்த்த இரு மூலைகளிலும் 8 மில்லிமீற்றர் துவாரம் ஒவ்வொன்று போடுவியுங்கள். துவாரம் போட்டால் தண்ணி உள்ளே வருமே என்பார்கள். எவ்வளவு நல்ல பெட்டிக்குள்ளும் இரவில் ஈரம் வேர்த்து இறங்கும். அது போக ஒரு வழி வேண்டும். துவாரத்துக்குச் சின்ன றப்பர்க் குழாய் போட்டு வாயைப் பின்பக்கம் திருப்பிவிட்டால், சில்லுத் தண்ணி ஏறாது. உள்ளே பனஞ்சிலாகைத் துண்டுகள் சிலவற்றைக் குறுக்கே போட்டு, மேலே றப்பர் விரிப்பைப் போடுங்கள். சாமான் அடித்தகட்டில் முட்டாது, தண்ணியும் கீழால் ஓடும்.

ஆயத்தமாக வருவதா, செய்விப்பதா?

உங்கள் லொறிக்கு அளவு ஒத்துவந்தால் ஆயத்தப் பெட்டியின் றப்பரும் பூட்டும் பொதுவாகத் திறம். ஆனால் இங்குள்ள லொறிகளில் தட்டு பலவிதமாகக் கட்டப்பட்டிருப்பதால், பெரும்பாலும் செய்விக்கத்தான் வேண்டிவரும். செய்விக்கும்போது படத்தில் மடிப்பு, உதடு, துவாரம் எல்லாவற்றையும் வரைந்து கொடுங்கள். முற்பணம் கொடுக்கும்போது, பெயின்ற் அடிக்கும் முன் பார்க்க வருவேன் என்று சொல்லிவையுங்கள். பெயின்றுக்குப் பிறகு வெல்டிங்கின் ஓட்டை தெரியாது.

ஆறாம்படி: பூட்டுதல்

செசியில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். செசிச் சட்டத்தின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துவாரம் போடவும் விடாதீர்கள். பாரத்தின் இழுவையும் அழுத்தமும் அதிகம் தங்குவது அந்த மடிப்புகளில்தான். வெடிப்பு தொடங்குவதும் அங்கேதான். செசியின் நிமிர்ந்த பக்கத்தில் உற்பத்தியாளர் விட்ட துவாரங்கள் இருக்கும். அவற்றைப் பயன்படுத்துங்கள், அல்லது தட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களிலிருந்து 50 மில்லிமீற்றர் அங்கிள் இரும்பில் தொட்டில் செய்து அதற்குள் பெட்டியை அமர்த்துங்கள். பெட்டியின் பாரம் தொட்டிலில் இருக்க வேண்டும், போல்ட்டில் தொங்கக் கூடாது.

போல்ட் 12 மில்லிமீற்றர், தலையில் 8.8 என்று அடித்தது, நைலோன் நட்டோடு. நட்டுகள் பெட்டிக்கு உள்ளே வரட்டும், அப்போது மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கழற்ற முடியாது. உள்ளே ஒவ்வொரு நட்டுக்கும் கீழே உள்ளங்கையளவு தடித்த தகடு வையுங்கள். லொறியில் எந்த வெல்டிங் வேலை நடந்தாலும் பற்றரியின் இரண்டு வயர்களையும் முதலில் கழற்றுங்கள். புதிய எஞ்சின்களில் உள்ள கணினிப் பெட்டி ஒரு நொடியில் எரிந்துபோகும்.

தொட்டிலைப் பூட்டும் முன்பே பெட்டியின் பின்பக்கத்துக்கும் அடிக்கும் பெயின்ற் அடித்துவிடுங்கள். பூட்டிய பிறகு அங்கே கை போகாது. ஒரு கிழமை பாரத்தோடு ஓடின பிறகு எல்லா நட்டுகளையும் திரும்ப முறுக்கிப் பாருங்கள்.

பிறகு

தீவுப்பக்கம் போய்வந்தால் கீழ்ப்பக்கத்தை நல்ல தண்ணியால் கழுவுங்கள். தீவுகளிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர்; அந்தத் தண்ணியால் கழுவினால் உப்பின் மேல் உப்பு. பெட்டியின் மேற்பக்கத்துக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள ஒடுக்கத்துக்குள் குழாயை விட்டு அடியுங்கள், மண் அடைந்து கிடப்பது அங்கேதான். ஐப்பசியில் மாரி தொடங்கும் முன் பெட்டியை வெறுமையாக்கி, துவாரங்களைக் கம்பியால் குத்தி, பிணைச்சலுக்குக் கிறீஸ் அடித்து, சோக்குச் சோதனையை ஒருதடவை செய்யுங்கள். கோடு அறுந்தால் றப்பரை மட்டும் மாற்றினால் போதும்.